ஒரே வாளி

மசூரியாவின் ஏரிகள் உறைவதற்கு மூன்று நாள் முன்
படகுக்காரர் கெர்வாசி இறக்கி வைத்துப் போன வாளியில்
நாற்பத்தொரு மட்டிகள்,
கொஞ்சம் பாசி, நிறையச் சேற்றுவாடை,
யாரோ தூண்டிலில் தொலைத்த ஈயக்குண்டு ஒன்று.

நான் பறவைகளிடமிருந்து மட்டிகளுக்கு வந்தவள்.
பன்னிரண்டு ஆண்டுகள்
நாரை இறகின் அடிக்காம்பைக் கரைத்து
இழைமணிகளைப் படித்தவள்.
அங்கே சட்டம் ஒன்றுதான்:
முட்டையோடு வந்தது மட்டுமே வம்சம்.
அப்பன் கொண்டுவந்தது வாசலோடு சரி.

பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்,
முப்பத்தேழு மரபணுக்கள்,
தொடக்கமே இல்லாத வட்டம்.
வளையலை எந்த இடத்திலும் பிடித்து
எண்ண ஆரம்பிக்கலாம்.
அம்மாவுக்கு அம்மாவுக்கு அம்மா
கழற்றிக் கழற்றிக் கொடுத்ததில்
விழுந்த கீறல்கள்தாம்
எங்கள் நாட்காட்டி.

விடியும்போது கணினி மரம் வரைந்து முடித்திருந்தது.
முப்பது மட்டிகள் ஒரு கிளையில் நெருக்கியடித்து.
பதினொன்று
மரத்தின் மறுகோடியில்.
நடுவே
இருபது கோடி ஆண்டு வெறுங்காற்று.

கெர்வாசியை எழுப்பினேன். எத்தனை ஏரி?
"ஒரே ஏரி. ஒரே வலை. ஒரே வாளி.
வாளியைத் திருப்பித் தரணும், ஞாபகம் இருக்கட்டும்."

ஓட்டை அளந்தேன். விளிம்பை அளந்தேன்.
கீல்பல்லை உருப்பெருக்கியில் வைத்து
கண் நோகும்வரை பார்த்தேன்.
வித்தியாசம் இல்லை, ஒரு மயிரளவும் இல்லை.
சரி, மறைந்து வாழும் புதிய இனம் என்றேன்.
நமக்குத் தெரியாததை எல்லாம்
அது ஒளிந்துகொண்டது என்று சொல்வது
எங்கள் தொழிலின் மரியாதை.
ரயில் சீட்டின் பின்பக்கம்
லத்தீனில் ஒரு பெயர் எழுதி
அடியில் கோடும் போட்டேன்.

நான்காம் நாள்தான் பக்கத்து இலையைப் பார்த்தேன்.
என் பதினொன்றுக்கும் மிக அருகில்
கொரியாவின் ஏதோ ஆற்றில் எடுத்த மட்டி.
அதன் பெயரின் வாலில் ஒற்றை எழுத்து.
தட்டச்சுப் பிழை என்று
மூன்று நாளாய்த் தாண்டிப் போயிருக்கிறேன்.
ஆண் என்று அர்த்தமாம்.

மிலோஷின் குறிப்பேட்டில், பென்சிலில், ஓரமாக:
"கால்சதை போதவில்லை. பதினொன்றுக்கு விந்தகம்."

அதே பதினொன்றை உறைபெட்டியிலிருந்து எடுத்து
மிச்சமிருந்த காலில் நகக்கண் அளவு கிள்ளி
மறுபடி படித்தேன்.
பதினொன்றும் எழுந்து
இருபது கோடி ஆண்டை ஒரே ராத்திரியில் தாண்டி
முப்பதோடு வந்து உட்கார்ந்துகொண்டன.

காலில் அம்மா.
விந்தில் அப்பா.
மகளுக்குக் கிடைக்காத வளையல் ஒன்று
ஆண்களின் கைமாறியே வந்திருக்கிறது,
இனங்கள் இனங்களாய்ப் பிரியும் முன்பிருந்தே.
ஒரே சேற்றில் புதைந்து கிடக்கும் அக்காவைவிட
முகமே பார்க்காத கொரியாக்காரன்
அந்த ஒரு துளியில் நெருங்கிய சொந்தம்.
நதிமூலம் கேட்காதே என்றவர்
மட்டியைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான்
சொன்னாரோ என்னவோ.

எங்கள் குடும்பப் பெயருக்கு ஏரி என்று பொருள்.
நான் யெசியோர்ஸ்கா. தம்பி யெசியோர்ஸ்கி.
வார்சா விடுதியில் ஒரு வெளிநாட்டுப் பையன்
இரண்டையும் பதிவேட்டில் மாறி மாறிப் பார்த்து
"வேறு வேறு குடும்பமா?" என்று கேட்டான்.
விழுந்து விழுந்து சிரித்தோம்.
அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சீட்டைக் கிழிக்கவில்லை.
பெயரை மட்டும் அடித்தேன். நல்ல பெயர்தான்.
மிலோஷைத் திட்டலாமா, தேநீர் வாங்கித் தரலாமா
என்று யோசித்தபடி இருக்கும்போது
கெர்வாசியின் அழைப்பு.
ஏரி உறைந்துவிட்டதாம்,
மேலே ஆள் நடக்கலாமாம்.
என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை.
வாளி என்னாச்சு என்றார்.

வாளி ஜன்னலடியில் இருக்கிறது.
ஈயக்குண்டு இன்னும் உள்ளேதான்.
அது யாருடையது என்று
இந்த ஆய்வகத்தில் எதைக் கொண்டும்
சொல்ல முடியாது.