காசுஸ்

இரவுப் பணி. வார்டு உறங்கியபின்
செல்போனில் நோர்வே மொழிப் பாடம்.
ஏப்ரலில் தேர்வு. தேறினால்
பெர்கனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை.

இந்த வாரச் சொல் காசுஸ்.
நம் இலக்கணத்தில் வேற்றுமை.
வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது
அண்ணன் வைரவேல் சட்டென்று திரும்பினான்:
"காசா? எப்ப வருதாம்?"
பயிர்க் காப்பீட்டைக் கேட்கிறான்.

லத்தீனில் அதற்கு விழுதல் என்று பொருள்.
பெயர்ச்சொல் முதலில் நிமிர்ந்து நிற்குமாம்,
பிறகு ஒவ்வொரு வேற்றுமைக்கும்
ஒவ்வொரு பக்கமாய்ச் சாயுமாம்.
பிரசவ கேஸ், பாம்புக்கடி கேஸ், அரளிவிதை கேஸ்:
பதினோரு வருஷமாய் நான் சொல்லிவந்ததும்
இதே வேர்தான் என்று குறிப்பில் இருக்கிறது.
தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறேன்.

நோர்வேக்காரர் பெயர்ச்சொற்களில்
இப்போது வேற்றுமை அநேகமாய் இல்லை.
உடைமைக்கு ஒரு 'ஸ்' மிச்சம்.
ஏதோ சில மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும்
நான்காவதை இன்னும் கைவிடவில்லையாம்.
மற்றதெல்லாம் உதிர்ந்தபின்னும்
விழுதல் என்ற சொல் விழாமல் நிற்கிறது.

தை பதினொன்று.
கொரடாச்சேரிக்குத் தெற்கே எங்கள் ஆறு மா,
அறுப்புக்கு எட்டு நாள் இருக்கையில்
ஒரே ராத்திரி மழையில்
ஒரே திசை பார்த்துப் படுத்துவிட்டது.
கணக்கெடுக்க வந்தவர் வரப்பை விட்டு இறங்கவில்லை.
பாரத்தில் சாய்ந்தது என்று ஒரு கட்டம்,
மூழ்கியது என்று ஒரு கட்டம்.
"முழுசா விழலையேம்மா" என்றார்.
எத்தனை பாகை சாய்ந்தால் விழுந்ததாகும் சார்,
கேட்க வாய் வந்தது.
அண்ணன் அவருக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான்.

நாம் வேறு மாதிரி பெயர் வைத்தோம்.
முதல் வேற்றுமை எழுவாய்.
வாக்கியம் அங்கிருந்து எழுகிறது,
பயன் வந்து நிற்கும் இடம் பயனிலை.
எட்டாம் வகுப்பில் அடிவாங்கி மனப்பாடம் செய்தது.

நான்காம் நாள்
தண்ணீர் வடியாத கீழ்வயலில்
அண்ணன் ஒரு கதிரைத் தூக்கிக் காட்டினான்.
மணிக்கு மணி வெள்ளையாய் முளை.
விழுந்தது எழுந்துவிட்டது.
எழுவாய் இருக்கிறது.
கொள்முதல் நிலையத்தில் கேட்டுப் பார்,
பயன் இலை.

அந்தக் கதிர் என் கோட்டுப் பையில் இருக்கிறது,
தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில்.
உரசி உரசி நான்கு மணி உதிர்ந்திருக்கும்.

ஏழாம் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்தவர்,
குளியலறையில் வழுக்கி விழுந்த கேஸ்.
"சிஸ்டர்..."

எட்டாம் வேற்றுமை.
பாடத்தை நிறுத்திவிட்டு
எழுந்து போகிறேன்.