மேல்வாரம்

டுலூத் நகரில் மார்ச் கடைசி.
ஏரி இன்னும் பனிக்கட்டியை விடவில்லை.
ஆர்லிஸ் ஹாகன் பதினான்கு பக்க ஒப்பந்தத்தை
அணைத்த அடுப்பின் மேல் பரப்பியிருக்கிறாள்.
மேசையில் இடமில்லை: அங்கே கீபோர்டு,
ஈரம் காயாத மகனின் ஹாக்கி கையுறைகள்.

நாற்பத்தேழு நொடி இசை அது.
பியானோ. ஓரிடத்தில் மட்டும் செல்லோ.
பையனுக்கு அம்மை கண்டிருந்த நாட்களில்
துணி உலர்த்தும் எந்திரம் நிற்கும் இடைவெளி பார்த்துப் பார்த்துப்
பதினோரு முறை வாசித்துப் பதிந்தது.
வைத்த பெயர் ‘செவ்வாய்க்கிழமை’.

லாஸ் ஏஞ்சல்ஸ் இசை நூலகம் அதற்கு
‘மென்மையான நம்பிக்கை 3’ என்று பெயர் மாற்றியிருக்கிறது.
ஒன்றும் இரண்டும் யார் பெற்றவை?
எழுதிக் கேட்டாள். பதில் இல்லை.

நான்காம் பிரிவு:
‘பிரபஞ்சம் முழுவதிலும், என்றென்றைக்கும்.’
ஜன்னலுக்கு வெளியே பாலம் உயரக் காத்து
இரும்புத்தாதுக் கப்பலொன்று ஊதுகிறது.
வியாழன் கோளில் யாரோ பல் மருத்துவமனை திறந்தால்
காத்திருப்போர் அறையில் இது கேட்கும்.
பணம் எப்படி வரும் என்பதற்கு
ஒன்பதாம் பிரிவைப் பார்க்கச் சொல்கிறது.

வெர்னா டுவோமினன் வந்தாள்,
இவள் பையன் இருக்கும் அணியின் கோல்கீப்பருக்கு அம்மா,
பகலில் மாவட்டப் பத்திரப் பதிவகத்தில் வேலை.
காலணியைக் கூடக் கழற்றாமல் படித்தாள்.

‘இந்தக் கணக்கில் நூறு என்பது இருநூறு.
எழுதியவளுக்கு ஒரு நூறு,
வெளியீட்டாளருக்கு ஒரு நூறு.
ஒரு டாலர் வந்தால் ஆளுக்குப் பாதி.
உன் நூறை அவர்கள் தொடவில்லை.
மற்ற நூறைத்தான் எழுதித் தரச் சொல்கிறார்கள்.’

‘அது எதற்கு?’
‘வெளியிடுவதற்கு.’
‘அச்சடிப்பார்களா?’
‘தாளும் இல்லை, மையும் இல்லை.
பட்டியலில் உன் பெயருக்குக் கீழே
அவர்கள் பெயர் வரும்.’
‘அவ்வளவா?’
‘அவ்வளவே.’

இந்த இருவருக்கும் தெரியாத ஒரு மொழியில்
இதற்குப் பழைய சொற்கள் உண்டு:
உழுதவருக்குக் குடிவாரம்,
உடையவருக்கு மேல்வாரம்.
ஆனால் இங்கே
நிலத்தையும் உழுதவளே கொண்டுவந்து
கதவைத் தட்டிக் கொடுக்கிறாள்.

ஆர்லிஸ் ஒன்றும் ஏமாளி இல்லை.
அவர்களிடம் நாலாயிரம் தயாரிப்பாளர்களின் முகவரி இருக்கிறது,
என்னிடம் ஓர் உலர்த்தி எந்திரம் இருக்கிறது என்றாள்.
பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினாள்:
‘ஐந்தாண்டில் யாரும் எடுக்காவிட்டால்
செவ்வாய்க்கிழமை எனக்கே திரும்பும்.’

எட்டு நாளில் ஒப்புக்கொண்டு அனுப்பினார்கள்,
‘செவ்வாய்க்கிழமை’யை அடித்து
‘மேற்படி படைப்பு’ என்று திருத்தி.
கையெழுத்துப் போட்டாள்.

நான்கு ஆண்டு, எட்டு மாதம்.
நாள்காட்டியில் அவள் ரகசியமாய் எண்ணத் தொடங்கியிருந்தபோது
ஒரு கணக்குத் தாள் வந்தது.
போர்ச்சுகல் தொலைக்காட்சி.
உப்பு மீன் பற்றிய ஆவணப்படம்.
பத்தொன்பது நொடி.
மூன்று டாலர் பன்னிரண்டு சென்ட்.

இசை: ஆர்லின் ஹேகர்.
வெளியீடு: நூலகத்தின் பெயர்,
ஓர் எழுத்தும் பிசகாமல்.

செல்லோ நுழையும் இடத்தை வைத்திருந்தார்களா
வெட்டிவிட்டார்களா, தாளில் அது இல்லை.
எந்த மீனின் மேல் அது விழுந்தது?

பிழை திருத்தப் படிவம் ஒன்றே ஒரு பக்கம்.
அடுப்பு இப்போது எரிகிறது, ஏதோ கொதிக்கிறது,
அதனால் சுவரில் வைத்து எழுதுகிறாள்.
படைப்பின் தலைப்பு என்ற கட்டத்தில்
செவ்வாய்க்கி வரை போய்
நிறுத்தி,
அடித்துவிட்டு,
மென்மையான என்று தொடங்குகிறாள்.