வயிற்றுவலி

எங்கள் வகுப்பின் சுகாதாரப் பொறுப்பு என்னுடையது.
பள்ளி விட்டதும் நீலப் பதிவேட்டில்
வராதவர் பெயர், காரணம்.
காய்ச்சல். பல்வலி. பனியில் ரயில் தாமதம்.
ஹொனாமிக்கு எப்போதும் வயிற்றுவலி.
அக்டோபர் முதல் இருபத்துமூன்று வயிற்றுவலி,
அத்தனையும் என் கையெழுத்தில்.

ஓடு ஓடு என்றே பழகிய குதோ சார்
இன்று கழுத்தில் விசிலோடு
சுகாதாரப் புத்தகத்தைத் திறந்தார்.
சுளுக்குக்கும் தீக்காயத்துக்கும் நடுவே
புதிதாக ஒரு பக்கம்: மனச்சோர்வு.
"தூக்கம் வராது,
இல்லையென்றால் தூக்கம் மட்டுமே வரும்."
கடைசி வரிசையில் யாரோ சிரித்தான்.
சார் விசிலைத் தொட்டார். ஊதவில்லை.
"போன பிப்ரவரியில்
ஷூ லேஸ் கட்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.
காலில் அடி எதுவும் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே
அவொமொரியின் இடுப்பளவு பனியில்
ஆப்பிள் கிளைகளுக்கு முட்டுக்கொடுத்த கம்புகள்.
அந்த மரங்களை யாரும் சோம்பேறி என்றதில்லை.

"இது பரீட்சைக்கு வருமா?" சயோகோ கேட்டாள்.
வரும் என்றார்.

பதிவேடு. இன்றைய தேதி. ஹொனாமி.
'வ' என்று எழுதி நின்றுவிட்டேன்.
வேறு சொல் எழுத நான் யார்?
அது அவள் சொல்ல வேண்டியது,
சொல்லாமலும் இருக்கலாம்.
ஒற்றை எழுத்தோடு கட்டத்தை விட்டுவிட்டு
அவள் ஊர்ப் பேருந்தில் ஏறினேன்.

கதவு திறந்தால் என்ன பேச?
அந்தப் பக்கத்தில் அது இல்லை.
வீட்டுப்பாடத் தாள் கொடுக்க வந்தேன் என்பேன்.
அதுவும் ஒரு வயிற்றுவலிதான்.