என் எழுபது

செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில்
சார்ஜர் சிக்கலுக்கடியில் தெரிந்தது.
"அட, என் எழுபது!" என்று கத்திவிட்டேன்.
"எழுபதுக்கெல்லாம் கட்டாதுங்க.
நூத்தம்பது" என்றார் அம்மாசி.
அது மாடல் பெயர் என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் ஏற்கெனவே பதினேழு.
குச்சி தொலைந்தவை,
நழுவித் திறந்தால் மூட மறுக்கிற ஒன்று.
ஒன்பதாவதின் பேட்டரியைக் கழற்றி இதற்குப் போட்டேன்.
திரையில் இரண்டு கைகள் வந்து கோத்துக்கொண்டன.
தேதி கேட்டது.
என்னவோ ஒன்றை அழுத்திவைத்தேன்.

மறுநாள் மதியம் மூன்றேகாலுக்கு அலறியது:
'ஏற்காடு ஃபர்ஸ்ட் பஸ். ஸ்வெட்டர்.'

யாருடைய விடியற்காலையோ
என் சித்திரை வெயிலில் அடிக்கிறது.
மணியைத் திருத்தலாம்தான்.
பத்து நாளாகத் திருத்தவில்லை.

"ஸ்வெட்டர் எடுத்தாச்சா?" என்கிறாள் மரகதம்,
கரண்ட் போன கூடத்தில்
கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே.