கறுப்புக் கோட்டு

ஹெல்வே குட்டிகளைக் காட்டவில்லை.
தாய்நாயின் பக்கம் கை காட்டிச் சீப்பை நீட்டினாள்:
"ஒரு மணி நேரம் வாருங்கள்.
பிறகு பேசலாம்."

சமோயெட்.
மேலே ஒரு மயிர், அடியில் இன்னொன்று;
வார வார
வந்துகொண்டே இருந்தது.

ரைவோ கணக்குப் போட்டான்:
நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை,
ஜூலையில் கொதிக்கும் தகரக் கூரை,
இதுவரை வளர்த்தது ஒரு கள்ளிச்செடி.
அதுவும் பட்டுப்போனது.

லீவி எதுவும் சொல்லவில்லை.
மடியில்
இன்னொரு நாய் அளவுக்கு மயிர்.

"யோசித்துச் சொல்கிறோம்."
"யோசியுங்கள்" என்றாள் ஹெல்வே,
சீப்பைத் திரும்ப வாங்காமல்.

தார்த்து போகும் பேருந்தில்
எதிர் இருக்கைக்காரர்
லீவியின் கோட்டைப் பார்த்துக் கேட்டார்:
"உங்கள் நாயின் பெயர் என்ன?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள்
"புதெர்" என்றாள்.
அவர்கள் மொழியில் கஞ்சி.

"எழுபத்திரண்டு படி"
என்றான் ரைவோ,
ஜன்னலிடம்.