முக்கால் சுற்று

துறைமுகத்து ஏலத்தில்
ஒரு கன்டெய்னர் பழைய இரும்பு எடுத்தான் தேசப்பன்.
அதற்குள் கிடந்தது இது.
முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை,
அடியில் ரப்பர்ப் பட்டை.
"சக்கரம் எங்கடா?" என்று
ஜீவரத்தினம் நகரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பனியில் ஓடுகிற வண்டி.
உடம்பை வெட்டி எடைக்குப் போட்டான்.
இஞ்சினை மட்டும் மீன்பாடி வண்டியில் ஏற்றி
என் கடை வாசலில் இறக்கினான்.
"ரோஸ்லின், இது ஓடுமா?"
"எதுக்கு?"
"ஓட்டு, சொல்றேன்."

பிஸ்டன் இல்லை.
மேலும் கீழும் போய்வர எதுவுமே இல்லை.
வயிறு உப்பின சமோசா மாதிரி ஒரு ரோட்டர்
கடலை ஓடு போல இடுப்பொடுங்கிய அறைக்குள்
மூன்று மூலையாலும் சுவரைத் தடவியபடி சுற்றும்.

பதினெட்டு வருஷம்
படகு இஞ்சின்களின் தொண்டையில் கைவிட்டவள் நான்.
கார்புரேட்டரைத் திறந்து மிதவையைத் தேடினேன்.
மிதவை இல்லை. அது மிதக்கும் தொட்டியும் இல்லை.
பனிமேட்டில் குதித்தாலும் சாய்ந்தாலும்
ததும்பக் கூடாதாம்.
இருப்பது இரண்டு தோல்.

ஒன்று துடிக்கிற தோல்.
இஞ்சினின் மூச்சு ஒரு சின்னக் குழாயில் வந்து
அதைத் தள்ளும், இழுக்கும்.
டேங்க்கிலிருந்து பெட்ரோல்
மடக்கு மடக்காக ஏறும்.
இன்னொன்று காத்திருக்கிற தோல்.
தொண்டை உறிஞ்சும்போது மட்டும்
மயிரளவு எழும்பி நெம்பைத் தொடும்,
ஊசி விலகும்,
கேட்டதைக் கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும்.

இரண்டும் அப்பளமாய்க் காய்ந்திருந்தன.
புதுப்பேட்டையில் கேட்டால் சிரித்தார்கள்.
பழைய கேஸ் ரெகுலேட்டர் இரண்டை உடைத்து
அதன் தோலைக் கத்தரித்துப் போட்டேன்.

லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில்,
பாட்டிலைக் குலுக்கி ஊற்றினேன்.
இந்தக் கலவை நேராக எரியப் போவதில்லை.
முதலில் ரோட்டரின் வயிற்றுக்குள் நுழைகிறது.
சூடான இரும்பைத் தடவி
அதன் சூட்டை வாங்கிக்கொண்டு
பேரிங்குக்கு எண்ணெய் பூசி
அந்தப் பக்கம் வெளியே வந்து
அப்புறம்தான் தீப்பொறிக்குப் போகிறது.
டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்தேன்.
எரியப் போகிற வழியில்
வீட்டைக் கழுவிவிட்டுப் போகிறது பெட்ரோல்.

கயிற்றை இழுத்தேன்.
பன்னிரண்டாம் இழுப்பில் இருமியது,
கறுப்பாய்ப் புகை கக்கி நின்றது.
கத்திரி வெயில். பிளக் நனைந்து கரி.

புரிய அரைமணி ஆனது.
அங்கே காற்று கெட்டி,
ஒரு மூச்சுக்கு நிறைய பெட்ரோல் கேட்கும்.
காசிமேட்டுக் காற்று லேசு,
அந்த அளவைக் குடித்தால் மூச்சு முட்டும்.
திருகை முக்கால் சுற்று உள்ளே விட்டேன்.
முழுச்சுற்று விட்டிருக்கலாம்தான்,
ஆனால் எண்ணெய் வருவதும் அதே வழி.
பெட்ரோலைப் பட்டினி போட்டால்
மூலைச் சீல்களும் பட்டினி.

பிடித்தது.
நாலு நிமிஷம் தேனீக்கூடு மாதிரி ஓடியது.
பிறகு தடுமாறியது.
குழாயில் கை வைத்தால் சுட்டது.
உள்ளே பெட்ரோல் கொதித்து ஆவியாகி
தோல் வெறும் ஆவியை இறைத்துக்கொண்டிருந்தது.

"ஐஸ் இருக்கா?"

தேசப்பன் ஓடிப்போய்
வஞ்சிரத்துக்குப் போட்ட ஐஸில் ஒரு கூடை
செதிலோடு அள்ளி வந்தான்.
கோணியில் கட்டிக் குழாய் மேல் சுற்றினேன்.
மறுபடி ஓடியது.
கோணியிலிருந்து மீன்தண்ணீர் சொட்டச் சொட்ட
நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் சொன்னான்.
ஐஸ் உடைக்கிற மிஷினின் மோட்டார்
வெள்ளிக்கிழமை புகைந்துபோச்சாம்.

சாயங்காலமே பெல்ட் மாட்டினோம்.
பாளத்தைத் தள்ளிவிட்டான்.
பல் கடித்தது, வாய் வழியாகத்
தூள் தூளாய்க் கொட்டியது,
குவிந்தது, காலை மூடியது.
எதிர்க்கடைப் பிள்ளைகள் அள்ளி எறிந்து விளையாடினார்கள்.
"பார்த்தியா ரோஸ்லின், பார்த்தியா" என்றான்.

நான் பார்க்கவில்லை.
காதைச் சாய்த்து, திருப்புளி கையில்,
இன்னும் ஒரு கால் சுற்று
மூடலாமா வேண்டாமா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.