சோதனை, ஒரு பிராங்

பீல் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில்
குகனேசன் கடைக்குப் பன்னிரண்டு மேசை,
பன்னிரண்டு கறுப்பு வெள்ளைச் சதுரம்.
வெட்டி ஒட்டி, கைபேசியைக் காட்டி
ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தேன்,
பகலெல்லாம் கடிகாரத் தொழிற்சாலையில்
திருகாணி பார்த்த கண்ணோடு.

பிட்டுக்கு ஜெர்மனில் என்ன எழுதுவது?
பிரெஞ்சில்?
'அரிசிமா, தேங்காய், ஆவி' என்று போட்டேன்.
பேய்க்கதை மாதிரிக் கிடக்கு என்றார் குகனேசன்.

மூன்று மூலையில் மூன்று கண்.
நாலாவதில் இல்லை;
அந்த இல்லாமையை வைத்துத்தான்
எது மேல், எது கீழ் என்று பிடிபடுகிறது.
சொதி சிந்தினாலும் படிக்கும்.
ஓரம் கிழிந்தாலும் ஊகித்துக்கொள்ளும்.
என் மேலாளரிடம் அந்தப் பொறுமை இல்லை.

வெள்ளி இரவு, ஏழாம் மேசை.
நான் அழிக்க மறந்த வரி:
சோதனை. ஒரு பிராங்.
மழைக்கோட்டைக் கழற்றாமலே
அதைத் தட்டிவிட்டார் ஒருவர்.
சமையற்கட்டில் சீட்டு கிர்ரென்று இறங்கியது.
செபமாலை அண்ணன் யாரையும் கேட்கவில்லை.
கிடந்த கத்தரிக்காயைச் செத்தல் மிளகாயோடு வதக்கி
மேலே ஒரு முட்டை பொரித்துப் போட்டு
அனுப்பிவிட்டார்.

தட்டு துடைத்ததுபோல் திரும்பியது.
சனிக்கிழமை அதே மழைக்கோட்டு, கூட ஒரு பெண்:
இரண்டு சோதனை.

இன்று காலை அழைப்பு:
'பிள்ளை, அந்த வரியை அழிச்சுப்போடாதை.
விலையை மட்டும் பதினாலாக்கு.'
ஆக்கினேன். சதுரம் அப்படியே,
ஒட்டியது ஒட்டியபடி.

பிரெஞ்சில் எழுதவேண்டும், அதுக்குள் என்ன இருக்கு
என்று செபமாலை அண்ணனைக் கேட்டேன்.
அகப்பையை நிறுத்தாமல் சொன்னார்:
'அண்டண்டைக்கு
என்ன மிஞ்சுதோ, அது.'